கல்கத்தா நேரம்

மன்னிக்க வேண்டும், உங்கள் கம்ப்யூட்டரின் அந்தக் கருப்புத் திரையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறீர்களா? வெளிச்சம் கண்ணைக் கூசவில்லை. குமட்டுகிறது. வெள்ளை எழுத்து வரி வரியாக ஓடுகிறதே, அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. லினக்ஸ்தானே? நினைத்தேன். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். மவுஸைத் தொடாமல் எல்லாவற்றையும் கட்டளை தட்டியே முடிப்பேன் என்று மார்தட்டியவன். அரசினர் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் புவியியல் நடத்தினேன். சொந்த ஊர் கும்பகோணம். ஓய்வுபெற்ற பிறகு பொழுது போகவில்லை. அதனால் இந்த அசிங்கத்தில் கால் வைத்தேன்.

அவசர வேலையா? இல்லையே? அப்படியானால் கேளுங்கள். இந்த ரயில் இப்போதைக்கு நகர்கிற மாதிரி தெரியவில்லை.

பதினெட்டு வருடம் ஆகிறது. அப்போது ஆர்கனைசர் என்று ஒன்று வந்தது. கைக்குள் அடங்கும். சோப்புப் பெட்டி அளவு, சாம்பல் நிறத் திரை, குத்துவதற்கு ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதில் பேச முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. தேதி, விலாசம், குறிப்பு, அவ்வளவுதான். எங்கள் வாத்தியார் பஞ்சாபகேசனுக்கு அவர் மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கல்யாணம், திவசம் செய்து வைக்கிற புரோகிதர்.

நாற்பது குடும்பம் அவருக்கு. எந்த வீட்டில் யாருக்கு என்ன நட்சத்திரம், என்ன கோத்திரம், எந்தத் திதியில் யார் போனார், எந்த முகூர்த்தம் எந்த மண்டபம், எல்லாவற்றையும் மூன்று வருடமாகக் குச்சியால் குத்திக் குத்தி உள்ளே ஏற்றியிருந்தார். ஏற்றிவிட்டோம் என்ற தெம்பில் பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார். அப்புறம்தான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பேட்டரி முழுசாகச் செத்தால் உள்ளே இருப்பதும் கூடவே செத்துவிடும் என்று. உண்மைதான் அது. மனுஷன் அன்றைக்கே என் வீட்டு வாசலில்.

"புரொபசர்வாள், இதுக்கு ஒரு நகல் எடுத்து உங்க கம்ப்யூட்டர்ல வெச்சுடுங்கோ. இது போச்சுன்னா நான் போனேன்."

"தாராளமாக" என்றேன். இந்த வாயை என்ன செய்வது, சொல்லுங்கள்?

அதோடு வந்த குறுந்தகடு என் கம்ப்யூட்டருக்கு ஆகாது. அது எதிர்க்கட்சிக்கு, மவுஸ்காரர்களுக்கு எழுதியது. ஓப்பன் சோர்ஸ்காரர்கள் எழுதியது ஒன்று இருக்கிறது, டெர்மினலில், அதாவது இந்த மாதிரிக் கருப்புத் திரையில், நாலு சொல் தட்டினால் சிங்க் ஆகிவிடும், அங்கே இருப்பது இங்கேயும் வந்துவிடும் என்று படித்தேன். நாலு சொல்! நாலு வாரம் ஆயிற்று.

அந்த ஆர்கனைசர் பெட்டியை உட்கார வைக்க ஒரு ஸ்டாண்டு. ஸ்டாண்டில் ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை அமுக்கினால்தான் இப்படி ஒரு பொருள் தன்னோடு இணைந்திருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியும். அமுக்கின சில வினாடிக்குள் இங்கே என்டர் அடிக்க வேண்டும். முந்தினால், பெட்டி உள்ளே வர அப்படி ஒரு வாசலே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதிக்கும். பிந்தினால் பெட்டி சலித்துப்போய்ப் படுத்துவிடும். என் மேஜையில் இடம் இல்லாததால் ஸ்டாண்டை அலமாரி மேல் வைத்து, அமுக்குகிற வேலையை வாத்தியாரிடம் கொடுத்தேன்.

"அமுக்கட்டுமா?"

"இருங்கள், இன்னும் தட்டவில்லை."

"அமுக்கிட்டேனே!"

"ஏன் அமுக்கினீர்கள்?"

"நீங்க தலைய ஆட்டினேளே."

"மின்விசிறிக் காற்றில் முடி ஆடியது ஐயா. தலை ஆடவில்லை. சரி, இப்போது அமுக்குங்கள்."

"இப்போ வேண்டாம். செவ்வாக்கிழமை மூணுலேர்ந்து நாலரை ராகு காலம். நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்கப்படாது. காபி இருந்தாக் குடுங்கோ."

இது ஒரு நாள் கூத்து இல்லை. நாலு வாரம். நாலரை வரைக்கும் அவர் காபி குடிப்பார், நான் திரையை முறைப்பேன். அப்புறம் அமுக்குவார். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று வரும். என் வீடு, என் மேஜை, நான் வாங்கின கம்ப்யூட்டர். அனுமதி மறுக்க அது யார்? என் பெயரை ஏதோ ஒரு குழுவில் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தேன். அப்புறம் வாசல் ஒன்றுக்கு இரண்டாகத் தோன்றியது. முதலாவது சும்மா, இரண்டாவதுதான் வேலை செய்யும். அப்படியானால் முதலாவது எதற்கு? அதை எழுதினவனுக்கே தெரியாது. கையேட்டில் பார்த்தேன். "இந்த வசதி வேலை செய்யலாம்" என்று இருந்தது. செய்யலாம்! நான் வகுப்பில் "காவிரி கிழக்கே ஓடலாம்" என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா? அதை எழுதினவர்களுடைய மின்னஞ்சல் குழுவில் கேட்டேன். கையேட்டைப் படி என்று ஒருவன் பதில் எழுதினான், இடையில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து. ஊர் உலகத்துக்கு இலவசமாக எழுதிக் கொடுக்கிறார்களாம். இலவசமாகத் துப்பவும் செய்கிறார்கள்.

ஐந்தாவது வாரம் ஓடிற்று. திரையில் ஒவ்வொரு கோப்பாகப் பெயர் போட்டுக்கொண்டே இறங்கியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாம் வந்துடுத்தா? எல்லாருமா?" என்றார். எல்லாரும் வந்துவிட்டார்கள், செத்தவர்கள் உள்பட. கையைக் கூப்பினார். அதற்கப்புறம் வாரா வாரம் வியாழக்கிழமை வருவார், சிங்க் செய்துகொண்டு போவார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருப்பார் வேறு யாராவது.

நகலான கோப்புகளைப் பார்க்கிறேன், எல்லாம் "எதிர்காலத்தில் மாற்றப்பட்டவை" என்கிறது கம்ப்யூட்டர். என் கம்ப்யூட்டர் நேரம் சொன்னால் அது நேரம். இணையத்தில் அணுக் கடிகாரத்தோடு கட்டி வைத்திருந்தேன். வாத்தியார் பெட்டி அதைவிட இருபத்துநாலு நிமிஷம் முன்னால் ஓடியது. பத்து நிமிஷம், கால் மணி என்றால் கருவிக்கு அவசரம் என்று விடலாம். இருபத்துநாலு! என்ன கணக்கு இது? சிங்க் செய்கிற கருவிதான் நேர மண்டலத்தைக் குழப்புகிறது என்று முடிவு கட்டினேன். உலகத்தில் எந்த நாட்டுக்கும் நமக்கும் இருபத்துநாலு நிமிஷ வித்தியாசம் இல்லை. பழைய மதராஸ் நேரமா என்று பார்த்தேன். அது நம் நேரத்துக்கு ஒன்பது நிமிஷம் பின்னால். ஆகவில்லை. இரண்டு நாள் தூக்கம் இல்லை. அப்புறம் கிடைத்தது பாருங்கள், கல்கத்தா!

சிரிக்காதீர்கள். கல்கத்தாவுக்கென்று தனி நேரம் இருந்தது. சுதந்திரம் வந்த சமயம் வரைக்கும் இருந்தது. நம் நேரத்துக்கு இருபத்துமூன்று நிமிஷம் இருபத்தெட்டு வினாடி முன்னால். எல்லா லினக்ஸிலும் உட்கார்ந்திருக்கிற நேரப் பட்டியலில் அது இன்றைக்கும் இருக்கிறது, வேண்டுமானால் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பாருங்கள். மீதி முப்பத்திரண்டு வினாடியைப் பேட்டரி தலையில் போட்டேன். ஆக, எவனோ ஒரு வெள்ளைக்காரப் பையன் செய்த பிழையால் கும்பகோணத்துப் புரோகிதர் ஒருவர் அறுபது வருடத்துக்கு முந்திய கல்கத்தாவில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்! நாலு பக்கம் எழுதினேன், பதினோரு அடிக்குறிப்போடு. மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினேன். முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு நல்ல கட்டுரை நான் எழுதினதில்லை.

பின்லாந்திலிருந்து ஒருவன் பதில் போட்டான். ஒரே வரி. "பெட்டிக்குச் சொந்தக்காரரைக் கேட்டீர்களா?"

நாலு பக்கத்துக்கு ஒரு வரி. அவன் படிக்கவே இல்லை என்று அப்பட்டமாகத் தெரிகிறதா? ஒரு புரோகிதரிடம் போய் நேர மண்டலத்தைப் பற்றி நான் என்ன கேட்பது? பதில் எழுதாமல் அந்தக் கடிதத்தை அழித்தேன். அருவருப்பாக இருந்தது.

சரி, அவர்கள் திருத்தாவிட்டால் நான் திருத்துகிறேன் என்று, நகல் எடுக்கிற கட்டளையோடு இன்னும் ஒரு வரி சேர்த்தேன். சிங்க் ஆகும்போதே கம்ப்யூட்டரின் நேரத்தைப் பெட்டிக்குள் எழுதிவிடும். வியாழக்கிழமை வாத்தியார் வந்தார், அமுக்கினார், காபி குடித்தார், போனார். வினாடி சுத்தமாகச் சரியான நேரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இல்லை, அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒருவர் கண்ணாடியில் அழுக்கு இருந்தது, துடைத்துக் கொடுத்தோம். அதற்கு ஒரு அறிவிப்பா?

அடுத்த திங்கட்கிழமை என் தங்கை கோமளாவின் பெண்ணுக்குக் கல்யாணம். மைதிலி. வாத்தியார் இவர்தான், வேறு யார்? கோமளாவின் கல்யாணத்தையே செய்து வைத்தவர். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. புவியியலில் ராகு என்று ஒரு கிரகம் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் அதைச் சாப்பிட்டு வாழ்கிறவர்கள். நிச்சயதார்த்தத்திலேயே மூன்று தடவை கேட்டார்கள், ஏழரைக்குள் தாலி ஏறிவிடுமா என்று. "பஞ்சாபகேசன் கையில ஒரு முகூர்த்தம் தவறினதில்லே, முப்பத்தஞ்சு வருஷமா" என்றார் இவர். நான் சும்மா இருக்காமல், எத்தனை மணிக்கு ஆரம்பித்தால் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்குச் சொன்னேன். கூட்டத்துக்கு நடுவில் சொன்னார்: "புரொபசர்வாள், நேரத்தை எங்கிட்ட விட்டுடுங்கோ. உங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தெரிஞ்சாப் போறும்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மண்டபத்தில் முந்நூறு பேர். முந்நூறு பேரிடமும் மணி காட்ட ஏதாவது இருக்கும். ஆனால் வாத்தியார் மணையில் உட்கார்ந்துவிட்டால் யாரும் மணி பார்ப்பதில்லை, அவரைத்தான் பார்ப்பார்கள். அவர் கைக்கடிகாரம் கட்டுவதில்லை. பெட்டியைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். பெண்ணுக்கு அலங்காரம் முடிந்து வருவதற்குள் ஏழு ஆகிவிட்டது. ஏழே காலுக்குக் கோமளா பதறிப்போய் அவர் காதருகே குனிந்தாள். நான் இரண்டாவது வரிசையில், நன்றாகக் கேட்டது.

"வாத்தியாரே, நேரம் இருக்கா?"

பெட்டியைப் பார்த்தார். "நிறைய இருக்கு, கோமளா. அவசரமே இல்லே. உன் கல்யாணத்துல மழையும் காத்துமா இருந்தது, மந்திரத்தையெல்லாம் சுருக்கிட்டேன். கொழந்தைக்கு முழுசாச் சொல்றேன்."

நாதஸ்வரக்காரரைப் பார்த்துக் கையமர்த்தினார். சொன்னார். ஒரு எழுத்து விடாமல், நிதானமாக, புகைக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு. அப்படி ஒரு குரலில் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏழு முப்பத்தொன்றுக்கு என் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆமாம், பார்த்தேன். நீங்களும் அதைத்தானே கேட்கிறீர்கள்? ஏன் எழுந்து போய்ச் சொல்லவில்லை? ஏன் சொல்ல வேண்டும்? அவர் முன்னால் இருக்கிற பெட்டி வினாடி சுத்தமாக ஓடுகிறது. நானே திருத்தியது. அதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் நேரம் இருக்கிறது என்கிறார் என்றால், அவருக்கு ஏதோ சாஸ்திரக் கணக்கு இருக்கிறது என்றுதானே நினைப்பேன்? தவிர, நேரத்தை அவரிடம் விடச் சொல்லியிருக்கிறார். விட்டேன். கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருந்தது, மறைக்க மாட்டேன்.

தாலி ஏறியது ஏழு நாற்பத்தாறுக்கு. மேளம் அடங்கவில்லை, மாப்பிள்ளையின் பெரியப்பா சேஷாத்ரி எழுந்துவிட்டார். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அரை நிமிஷம் பொறுக்க மாட்டார்.

"ஏழு நாப்பத்தாறு! ராகு காலம் பொறந்து பதினாறு நிமிஷம்! என்ன ஓய் பண்ணிட்டீர்?"

"இல்லே மாமா, பதறாதேங்கோ. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு" என்றார் வாத்தியார், சிரித்துக்கொண்டே.

"எட்டு நிமிஷமா? உம்ம பெட்டியே ஏழு நாப்பத்தாறு காட்டறதே ஓய்! மணி பாக்கத் தெரியாதா உமக்கு?"

வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். மறுபடி, "எட்டு நிமிஷம்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் செல்போனை எட்டிப் பார்த்தார். இன்னொருவர் போனைப் பார்த்தார். ஏழு நாற்பத்தேழு. அந்த முகத்தை நான் என்ன சொல்ல. மாடிப்படியில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் போனால் ஒரு முகம் வருமே, அது. மாப்பிள்ளையின் அம்மா அழ ஆரம்பித்தாள். மைதிலி மாலையும் கழுத்துமாக எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோமளா என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, இந்தப் பெட்டிய நீதானே பாத்துக்கறே? இதுல ஏதாவது கோளாறா?"

முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். "பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை. போன வியாழக்கிழமைதான் என் கையால் நேரத்தைத் திருத்திக் கொடுத்தேன். ஒரு வினாடி பிசகாது" என்றேன்.

வாத்தியார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். என்னவோ கேட்கிற மாதிரி வாயைத் திறந்தார். சபையைப் பார்த்தார். நாற்பது குடும்பத்தில் பாதிக்கு மேல் அங்கே உட்கார்ந்திருந்தது. வாயை மூடிக்கொண்டார். அப்புறம் சேஷாத்ரிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "புரொபசர் சொல்றது சரிதான். பெட்டி மேல தப்பில்லே. எம்மேலதான்."

நேர்மையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன், அப்போது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார். பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

"ஒரு நாழிகை கூட்டி வெச்சிருந்தேன்" என்றார்.

ஒரு நாழிகை. இருபத்துநாலு நிமிஷம். மூன்றாம் வகுப்பில் ஒப்பித்த வாய்ப்பாடு. நான் கல்கத்தாவுக்குப் போய்வந்தேன்.

"முகூர்த்தம் ஆறுன்னா ஆறே முக்காலுக்குத்தான் எழுந்து வருவா எல்லாரும். பெட்டியக் காட்டித்தான் விரட்டுவேன், பாருங்கோ மணி ஆச்சுன்னு. எனக்கு மட்டும் தெரியும், ஒரு நாழிகை கையில இருக்குன்னு. அதுலதான் நான் மூச்சு விடறது. யாரையும் பிடிச்சுத் தள்ளாம, முழுங்காம, முழுசாச் சொல்றது. மூணு வருஷமா அப்படித்தான்."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையே."

பார்த்தீர்களா? பின்லாந்துக்காரனும் இவரும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது வீட்டுக்கு மூன்று வருடம் பொய் மணி காட்டிய மனுஷர், என்னைப் பார்த்து, கேட்கவில்லையே என்கிறார்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பதினோரு அடிக்குறிப்பும் இந்த ஆளின் விளையாட்டுக்கு. அதைச் சொன்னேன், முகத்துக்கு நேராக. கேட்டுக்கொண்டார்.

"நேத்திலேர்ந்து ஏழெட்டுப் பேர் வர வேண்டாம்னுட்டா. இன்னும் சொல்லுவா. சொல்லட்டும், சபையில வெச்சு நிஜத்தச் சொன்னா எல்லாரும் சேந்து கல்லால அடிப்பா. கோமளாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ, புரொபசர்வாள். அவ என்னைக் கிறுக்குன்னு நெனச்சிண்டிருக்கப்படாது. அவ ஒருத்தி வரச் சொன்னாப் போறும், மத்தவா தானா வருவா."

"பார்க்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோமளாவே வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் பரிகாரம் செய்ய வேண்டும் என்கிறார்களாம், மறுபடி ஒரு முகூர்த்தம் பார்த்து. யாரைக் கூப்பிடுவது என்று கேட்க வந்தாள். உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு மனசு ஆறலை அண்ணா. நம்ம அப்பா காரியத்தைப் பண்ணின மனுஷன். பெட்டி ஒண்ணு காட்டறது, அவர் ஒண்ணு சொல்றார். புத்தி பேதலிச்சுப் போச்சா அவருக்கு? இல்லே நெஜமாவே பெட்டியில ஏதாவதா? உனக்குத் தெரியும், ஒரு வார்த்தை சொல்லு. பெட்டியிலதான் கோளாறுன்னா நானே போய் அவர் கால்ல விழுந்து கூட்டிண்டு வந்துடறேன்."

முழுக்கச் சொல்வதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது? கல்கத்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நேர மண்டலம் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். கோமளாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நடுவில் விட்டால் ஏதோ நான்தான் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்த மாதிரி அர்த்தமாகிவிடும். தப்பான அர்த்தம் கொடுப்பதைவிடச் சுருக்கமாகச் சொல்வது மேல் இல்லையா?

"பெட்டியில் ஒரு கோளாறும் இல்லை" என்றேன்.

கோமளா முறுக்கிய தலைப்பை விட்டாள். "அப்போ அவர்தான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பரிகாரத்துக்குத் தஞ்சாவூரிலிருந்து வேறு ஒருவரைக் கூப்பிட்டார்கள். அடுத்த தையில் பஞ்சாபகேசன் மகனோடு இருக்கிறேன் என்று புனே போய்விட்டார். பெட்டியை என்னிடமே விட்டுவிட்டார், நாற்பது குடும்பத்தோடு.

நீங்கள் படித்தவர், யோசித்துச் சொல்லுங்கள். அந்த நாலு சொல்லில் ஒரு சொல் பொய்யா? பெட்டியில் கோளாறு இருந்ததா? இல்லை. கோமளா கேட்டது பெட்டியைப் பற்றி, நான் சொன்னது பெட்டியைப் பற்றி. கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எங்கே, ஒரு சொல் காட்டுங்கள்.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? அங்கே வெயில் அடிக்கும். இங்கேயே உட்காருங்கள்.